நீதிபதி எழுதிய நாவல்

இளமையில் வழக்கறிஞர் அலுவலக எழுத்தராய் இருந்த சார்லஸ் டிக்கன்ஸ், 1853இல் நிறைவுற்ற 'பிளீக் ஹவுஸ்' நாவலில் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்தை வெளியே நின்று சாடினார். அதே விக்டோரியா காலத்தவரான வேதநாயகம் பிள்ளை (1826–1889), மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். நீதிமன்றத்தை உள்ளிருந்தே கண்டவர். 1879இல் வெளிவந்த அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல்.

கதைப்பின்னல் தளர்ந்தது, உபதேசம் மிகுந்தது என்று திறனாய்வாளர் கூறும் குறை பொய்யன்று. கிளைக்கதைகள் சில இடங்களில் சலிப்பூட்டவே செய்கின்றன. ஞானாம்பாள் ஆணுடை தரித்து அரசாளும் பகுதியோ இன்றும் சுவை குன்றாதது. கதைத்தலைவன் பெயரளவில்தான் பிரதாபன்!

ஆயினும் நாவலின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருக்கிறது. வழக்காளியும் வழக்கறிஞரும் நீதிபதியும் தமிழராயிருக்க, வழக்கு மட்டும் ஆங்கிலத்தில் நடக்கும் அவலத்தை ஆசிரியர் எள்ளி நகையாடுகிறார். இதனை வெறும் உபதேசம் என ஒதுக்கலாகாது. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்தளித்த கையல்லவா இதை எழுதியது? வழக்கு முடிவுறாமல் இழுபடும் கொடுமையை டிக்கன்ஸ் காட்டினார். தன் வழக்கே தனக்குப் புரியாமல் நிற்பவனைப் பிள்ளை காட்டினார்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் தமிழ் கற்பிக்கும் நாம், 'முதல் நாவல், 1879' என்று மனனம் செய்விப்பதோடு நின்றுவிடலாகாது. மாணவர் முதலில் வாய்விட்டுப் படிக்கவேண்டியது இப்பகுதியையே.