மூழ்குவது கல் மட்டுமா?

பொருநையின் பெருமை பேசாத மேடை இன்று இல்லை. ஆதிச்சநல்லூர் என்று சொன்னாலே கைதட்டல் எழுகிறது. எழட்டும், ஆனால் கைதட்டும் தோழர்களை ஒன்று கேட்கிறோம்: அந்தத் தாழிக்காடு நிலைத்திருப்பது நம்முடைய காவலாலா?

இல்லை. ஆற்றின் தென்கரையில், நெல் விளையாப் பரல் மேட்டில் நம் முன்னோர் மாண்டோரைப் புதைத்தனர். நீரைத் தேக்கிய பெரிய அணைகளோ, 1940களில் பாபநாசத்திலும் 1950களில் மணிமுத்தாற்றிலுமாக, தொலைவில் மலைப்பக்கம் அமைந்தன. மேடு காத்தது, தொலைவு காத்தது. 1876இல் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டினர். இரும்பு வாளும் வெண்கலக் கலமும் பொன் நெற்றிப்பட்டமும் வெளிவந்தன.

அந்த நற்பேறு எல்லா ஆற்றங்கரைக்கும் வாய்க்கவில்லை. காவிரியில் 1934இல் மேட்டூர் அணை எழுந்தது, ஊர்கள் மூழ்கின. நீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுகின்றன. பவானிசாகரில் டணாய்க்கன் கோட்டைக் கோயிலும் அவ்வாறே. மக்கள் திரண்டு சென்று வியக்கின்றனர். நாம் வருந்துகிறோம். கல் மீண்டும் எழுகிறது. மண்ணுக்குள் இருந்த செய்தி எழுமா?

தாழியின் மதிப்பு அதன் வடிவில் மட்டும் இல்லை. எந்த மண்ணடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதே அதன் சாட்சியம். சிவகளைத் தாழியொன்றின் நெல்லுக்கு கி.மு. 1155 எனக் காலம் கணித்து 2021இல் அறிவிக்க முடிந்தது, அது கலையாமல் கிடந்ததால் அன்றோ? தேக்கத்தின் நீர் ஏறி இறங்கும்போது அலை கரையை அரிக்கும், அடுக்குகள் கலையும், ஆழத்தை வண்டல் மூடும். கலைந்த ஏட்டைப் படிப்பவர் யார்?

கிருஷ்ணையாற்றில் அணை எழுமுன், 1954 முதல் 1960 வரை நாகார்ச்சுனகொண்டாவில் அகழாய்வு நடந்தது. பௌத்தச் சின்னங்கள் சில மேட்டுக்குப் பெயர்க்கப்பட்டன. எகிப்தின் அபு சிம்பல் கோயிலும் 1964 முதல் 1968 வரை பெயர்த்து உயர்த்தப்பட்டது. கோயிலைப் பெயர்க்கலாம், புதைகாட்டைப் பெயர்க்க இயலாது. மன்னன் எழுப்பிய கல்லுக்குக் கிட்டும் கவலை, பெயரறியா உழவனின் தாழிக்கும் கிட்டவேண்டாமா?

அணை வேண்டா என்பாரல்லோம். உழவனுக்கு நீரே உயிர். ஆனால் பொறியாளருக்கு முன்னே அகழாய்வாளர் செல்லவேண்டும். அறிக்கை அச்சேறிய பின்னரே நீரைத் தேக்கவேண்டும். 2004–05இல் ஆதிச்சநல்லூரில் நடந்த அகழாய்வின் அறிக்கைக்குப் பல்லாண்டு காத்திருந்தோம். மேட்டு நிலம் பொறுத்துக்கொண்டது. நீர் பொறுக்காது.