ஒருவருக்கே ஆராதனை: கிறிஸ்தவ மரபின் பிரிவுகளும் அளவுகோல்களும்

கடவுள் ஒருவரே, ஆராதனை அவர் ஒருவருக்கே உரியது. கிறிஸ்தவ மரபின் பெரும் பிரிவுகள் யாவும் இந்த நெறியில் ஒன்றுபடுகின்றன. அந்த ஒருவர் யார், ஆராதனை என்பது எது, பிற வணக்கங்களிலிருந்து அதைப் பிரிக்கும் எல்லை எங்கே இருக்கிறது என்ற கேள்விகளில்தான் அவை வேறுபடுகின்றன. இந்த வேறுபாடுகள் வழியாகவே நெறியின் அளவுகோல்கள் உருவாயின.

வேர்

நெறியின் வேர் இஸ்ரயேல் மக்களின் வழிபாட்டில் இருக்கிறது. ஆண்டவர் ஒருவரே என்று அறிவிக்கும் உபாகமம் 6:4ஐ யூதர்கள் காலையிலும் மாலையிலும் ஓதினர். கட்டளைகளில் முதன்மையானது எது என்று கேட்ட மறைநூல் அறிஞருக்கு இயேசு இதையே விடையாகச் சொன்னதை மாற்கு 12ஆம் அதிகாரம் கூறுகிறது. பாலைநிலச் சோதனையில், உலக அரசுகளுக்கு ஈடாகத் தன்னைப் பணியச் சொன்ன அலகையை அவர் மறுத்ததும் இந்த நெறியைக் கொண்டுதான்.

ரோமப் பேரரசில் இந்த நெறிக்கு உயிரே விலையானது. பித்தினியாவின் ஆளுநர் பிளினி, ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் அதற்குச் சான்று. குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பேரரசரின் சிலைக்குத் தூபமும் திராட்சை மதுவும் படைக்கச் சொன்னதாகவும், உண்மையான கிறிஸ்தவர்களை அவ்வாறு செய்யவைக்க முடியாது என்று கேள்விப்பட்டதாகவும் அவர் எழுதினார். 250ஆம் ஆண்டில் பேரரசர் டேசியஸ், குடிமக்கள் பலியிட்டுச் சான்றிதழ் பெற ஆணையிட்டார். அத்தகைய சான்றிதழ்கள் சில எகிப்தில் பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்துள்ளன.

அந்த ஒருவர் யார்?

கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்ற செய்தியும் பிளினியின் கடிதத்தில் உண்டு. கடவுள் ஒருவரே என்றால் கிறிஸ்துவை ஆராதிப்பது எப்படி? மகன் படைக்கப்பட்டவர் என்றார் அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ். 325ஆம் ஆண்டின் நிசேயா சங்கம், மகன் தந்தையோடு ஒரே இயல்புடையவர் என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பின் ஆதரவாளரான அத்தனாசியுஸின் வாதம் வழிபாட்டிலிருந்தே எழுந்தது: மகன் படைப்பு என்றால் அவரை ஆராதிக்கும் சபை சிலை வழிபாட்டில் விழுந்ததாகிவிடும். 381ஆம் ஆண்டின் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம், தந்தையோடும் மகனோடும் தூய ஆவியும் ஒன்றாக ஆராதிக்கப்படுவதை அறிக்கையில் சேர்த்தது. படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே உள்ள கோடே இங்கு அளவுகோல்.

இந்தத் தீர்வை ஏற்காத யூனிட்டேரியன் மரபு தந்தையையே ஒரே கடவுளாகக் கொண்டது. 1605ஆம் ஆண்டில் போலந்தின் ராக்கூவ் நகரில் வெளிவந்த ஞானோபதேசம் அதன் முன்னோடி நூல். சென்னையில் 1795ஆம் ஆண்டில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் அமைத்த சபை இந்த மரபைச் சேர்ந்தது.

ஆராதனையும் வணக்கமும்

எட்டாம் நூற்றாண்டில் சர்ச்சை உருவங்களைப் பற்றி எழுந்தது. 754ஆம் ஆண்டின் ஹியரியா சங்கம் அவற்றைக் கண்டித்தது. தமஸ்கு நகர யோவான் அவற்றுக்கு ஆதரவாக எழுதினார். 787ஆம் ஆண்டின் இரண்டாம் நிசேயா சங்கம் அவர் வழியில் நின்று, இறையியல்புக்கு மட்டுமே உரிய ஆராதனையையும் (லாட்ரியா) உருவங்களுக்குச் செலுத்தும் மதிப்பு வணக்கத்தையும் பிரித்தது. உருவத்துக்குச் செய்யும் மரியாதை, அது சுட்டும் ஆளுக்கே சேரும் என்பது அதன் விளக்கம். கீழைத் திருச்சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் இன்றும் இதையே கைக்கொள்கின்றன. புனிதர்களுக்குத் துலியா, மரியாளுக்கு மேலான துலியா, கடவுளுக்கு லாட்ரியா என்பது மேலைக் கத்தோலிக்க வகைப்பாடு.

சீர்திருத்த மரபு இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. சூரிச் நகர ஆலயங்களிலிருந்து 1524ஆம் ஆண்டில் உருவங்கள் அகற்றப்பட்டன. வழிபாட்டில் கடவுள் விதித்ததே இடம்பெற வேண்டும் என்பது கால்வின் வழியினரின் விதி. 1563ஆம் ஆண்டின் ஹைடல்பெர்க் ஞானோபதேசமும் 1646ஆம் ஆண்டில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும் புனிதர்களை நோக்கிய மன்றாட்டை விலக்குகின்றன. உருவத் தடையை இம்மரபு தனிக் கட்டளையாக எண்ணுகிறது. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் அதை முதல் கட்டளைக்குள் அடக்குகின்றனர்.

லுத்தர் உருவங்களை உடைப்பதை எதிர்த்தார். மனிதனின் உள்ளம் எதை நம்பிச் சாய்கிறதோ அதுவே அவனுடைய கடவுள் என்று 1529ஆம் ஆண்டின் பெரிய ஞானோபதேசத்தில் விளக்கி, செல்வத்தையே மிகப் பரவலான சிலையாகச் சுட்டினார். இந்த அளவுகோல் எல்லாவற்றிலும் கூர்மையானது. உருவமே இல்லாத ஆலயத்தில் நிற்பவரையும் அது சோதிக்கும். இத்தகைய சோதனை அரசியலிலும் எழுந்தது. 1934ஆம் ஆண்டில், நாஜி ஆட்சியின் ஜெர்மனியில், கார்ல் பார்த் முதன்மையாக வரைந்த பார்மன் அறிக்கை, கிறிஸ்துவைத் தவிர வேறு எந்த ஆற்றலையும் தலைவரையும் இறைவெளிப்பாட்டின் ஊற்றாகச் சபை ஏற்காது என்று அறிவித்தது.

தமிழில்

தமிழ்க் கிறிஸ்தவம் இந்த எல்லையைச் சொற்களில் வரைய வேண்டியிருந்தது. ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிட்ட ஞானோபதேசத்தின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. ஒரே கடவுளைக் குறிக்க, விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர்களுள் சீகன்பால்க் ‘சர்வேசுரன்’ என்றும், பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றும் எழுதினர். 1871ஆம் ஆண்டின் பவர் மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றும், 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் ‘கடவுள்’ என்றும் கொண்டன.

‘வணக்கம்’ என்ற தமிழ்ச் சொல், எதிரே வருபவருக்குக் கைகூப்புவது முதல் இறைவனைத் தொழுவது வரை விரிந்தது. கத்தோலிக்கர் மே மாதத்தை மாதாவின் வணக்க மாதமாகக் கொண்டாடுவது இந்த விரிவினுள் அடங்கும்; ‘ஆராதனை’ நற்கருணை முன் நிற்கும் வேளைக்குரியது. சீர்திருத்த சபைகளில் ஞாயிறு வழிபாட்டின் பெயரே ஆராதனை. பிரிவுகள் எத்தனை இருப்பினும், இந்தச் சொல்லைப் படைத்தவருக்கென ஒதுக்கிவைப்பதில் இருசாராரும் ஒன்றே.