உள்ளிருந்து திறக்கும் கதவு

ஓர் அறைக்குள் நான்கைந்து பேரை விட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஒளித்து வைத்த குறிப்புகளைத் தேடி, பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அறுபது நிமிடத்துக்குள் வெளியே வர வேண்டும். கணினித் திரையில் இருந்த இந்த ஆட்டத்தை 2007இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் தகாவோ கதோ மெய்யான அறைக்குக் கொண்டுவந்தார். 'எஸ்கேப் ரூம்' என்ற பெயரில் அது சென்னைக்கும் வந்துவிட்டது. நாங்கள் தோழியர் நால்வர் வேலூரிலிருந்து போய் ஆடினோம். எங்களுக்கு வாய்த்தது சாகசக் கதை: பாழடைந்த கோயில், புதையல், ஒரு சாபம்.

'பெண்கள் ஏற்கெனவே பூட்டப்பட்டவர்கள்தானே, காசு கொடுத்து வேறு பூட்டிக்கொள்ள வேண்டுமா?' என்று இதை ஒரு வரியில் ஒதுக்கிவிடலாம். நான் அப்படி வாசிக்க விரும்பவில்லை. கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் எங்களை யாரும் கூப்பிட முடியாது. நாற்பதைக் கடந்த நான்கு பெண்கள் தரையில் தவழ்ந்தோம், கத்தினோம். ஒருத்தி விட்ட இடத்தை இன்னொருத்தி பிடித்தாள். அகப்பாடல்களில் இற்செறிக்கப்பட்ட தலைவிக்கு வழி தேடுபவள் தோழி. அறத்தொடு நிற்பதும் உடன்போக்குக்கு ஏற்பாடு செய்வதும் அவள்தான். ஆனால் அந்த வழி தலைவனிடம் போய் முடியும். தோழி வீட்டிலேயே நின்றுவிடுவாள். இந்த அறையிலிருந்து தோழியர் எல்லோருமே வெளியேறினோம். அந்த மகிழ்ச்சியை நான் சிறிதாக்க மாட்டேன்.

என் சிக்கல், சாகசக் கதை சொல்லித்தரும் பாடத்தோடு. கெட்டிக்காரர் வெளியே வருவார். வராதவர் குறிப்பைக் கவனிக்கத் தவறியவர். அறைக்குள் இது நியாயம்தான். பயந்துபோனால் அழுத்துவதற்கு அங்கே ஒரு பொத்தான் உண்டு, காரணம் கேட்காமல் கதவைத் திறப்பார்கள். எப்படியும் திறக்கும் கதவு என்பதால்தான் அறிவைக் கொண்டாட முடிகிறது. வெளியிலோ பொத்தானே இல்லாத பெண்ணிடம் இதே தர்க்கம் பேசுகிறோம். அடி வாங்கும் மனைவியிடம், 'படிச்ச பொண்ணுதானே, ஏன் அப்பவே வெளியே வரல?' என்கிறோம்.

2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில், எஸ்கேப் ரூம் ஒன்றில் பிறந்தநாள் கொண்டாடப் போன 15 வயதுப் பெண்கள் ஐவர் இறந்தார்கள். எரிவாயு கசிந்து தீப்பிடித்தபோது தப்பிச் செல்ல முறையான வழி அங்கே இல்லை. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டார்கள்; அவர்களில் 123 பேர் பெண்கள். படிக்கட்டுக்குப் போகும் ஒரு கதவை நிர்வாகம் பூட்டி வைத்திருந்தது. இந்த இரண்டு இடத்திலும் இறந்தவர்களின் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எங்கள் ஊர்க் கோட்டையையும் சாகசமாகத்தான் படிக்கிறோம். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி மாணவியருக்குத் தெரியும். முந்தின நாள் அங்கே நடந்த திருமணத்தின் மணமகள், திப்பு சுல்தானின் மகள். அவள் பெயரைக் கேட்டால் வகுப்பில் பதில் வராது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவர் குடும்பத்துப் பெண்களும் வேலூரில் காவலில் வைக்கப்பட்டார்கள். புரட்சிக்குப் பிறகு மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834இல் வேலூரிலேயே இறந்தார். அவர் ஏன் தப்பவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அகழியும் மதிலும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மதில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கும் அறுபது நிமிடக் கணக்கு உண்டு: மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட். முடித்தால் கதவு திறக்காது. அடுத்த மணி தொடங்கும். கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, உலையில் ஒரு கண் வைத்துக்கொண்டே ஊசி ஓடும். அவர்களை யாரும் பூட்டி வைக்கவில்லை. அதனால்தான் 'வேற வேலைக்குப் போகலாமே' என்று சொல்வது நமக்கு இத்தனை சுலபமாக இருக்கிறது.

கைக்குழந்தையை நம்பி விட்டுவர ஓர் இடம், தன் பேரில் கொஞ்சம் பணம், போனால் சேர்த்துக்கொள்ளும் தாய்வீடு, புகாரை எழுதி வாங்கும் காவல் நிலையம், இரவு எட்டு மணிக்கும் ஓடும் ஒரு பேருந்து. இவையெல்லாம் கதவின் உள்பக்கக் கைப்பிடிகள். ஒருத்தி வெளியே வரவில்லையென்றால், இவற்றில் எது அவள் கதவில் இல்லை என்று முதலில் பார்ப்போம். இல்லாததைப் பொருத்தித் தருவது தோழியர் வேலை.