எத்தனை பினிஷ், மக்கா?

வடசேரி பஸ் ஸ்டாண்டிலோ மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியிலோ சாயங்கால நேரம் நாலு பையன்கள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தால், ஏதோ துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சாகிறவர்கள் எல்லாம் போனுக்குள்தான் இருக்கிறார்கள். ‘லேய், மாடியில ஒருத்தன் நிக்கான், பாத்துக்கோ!’ ‘எனக்க பக்கத்துல வா மக்கா, தூக்கு, தூக்கு!’ என்று சத்தம் மட்டும் வெளியே வரும். ஆட்டம் முடிந்ததும் ஒரே கேள்வி: ‘எத்தனை பினிஷ்?’

இந்தக் கேள்வி மேல்தான் எனக்கு வழக்கு.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பப்ஜி என்பது நூறு பேர் ஒரு தீவில் பாராசூட்டில் வெறுங்கையோடு குதித்து, கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு சுட்டுக்கொள்ளும் ஆட்டம். தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நின்றால் உயிர் போகும். நாலு நாலு பேராக அணி சேர்ந்தும் ஆடலாம். கடைசியில் மிஞ்சும் அணிக்கு வெற்றி. 2017-ல் கம்ப்யூட்டரில் வந்து, 2018-ல் கைபேசிக்குள் புகுந்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை போட்டது. 2021 ஜூலையில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022-ல் மறுபடி காணாமல் போய், 2023-ல் மறுபடி வந்தது. நம் ஊர்ப் பையன்களுக்கு எந்தப் பெயரில் வந்தாலும் அது பப்ஜிதான்.

புதுப் பெயரோடு வந்தபோது இரண்டு சீர்திருத்தம் செய்தார்கள். சிவப்பு ரத்தம் பச்சையாயிற்று. ‘கில்’ என்ற சொல் ‘பினிஷ்’ ஆயிற்று. கொன்றால்தான் பாவம், முடித்தால் பாவமில்லை போல. ஆனால் கணக்குப் புத்தகம் மாறவில்லை. ஒருவன் சராசரியாக எத்தனை பேரை முடித்தான்? அந்த எண்தான் ஒரு பையனின் ஜாதகம். அணி சேர்க்கும்போது முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். எண் குறைந்தவனை ‘நூப்’ என்று தள்ளிவிடுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்தைச் செய்தவர்கள் இந்தக் கணக்கைவிடப் புத்திசாலிகள். அணியில் ஒருவன் குண்டு பட்டால் உடனே சாகமாட்டான். முட்டிபோட்டுத் தவழ்வான். கூட்டாளி ஒருவன் பக்கத்தில் போய், சுமார் பத்து விநாடி அசையாமல் இருந்து அவனைத் தூக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் தூக்குகிறவனால் சுட முடியாது, ஓட முடியாது. எதிரி எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது. மொத்த ஆட்டத்திலும் நெஞ்சு திக்கென்று அடிக்கும் இடம் என்று எனக்குப் படுவது இதுதான். சுடுவதற்குக் கையும் கண்ணும் போதும். இங்கே போவதா வேண்டாமா என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு நாம் தப்பினால் நம் எண் காப்பாற்றப்படும். போய் மாட்டினால் எண் சரியும். பையன்கள் பெருமையடிக்கும் எண்ணில் இந்தப் பத்து விநாடிக்கு ஒரு கால் புள்ளிகூடக் கிடையாது.

கேரளத்துக்காரர்களோடு சேர்ந்து நம் பக்கத்திலும் சீட்டில் ‘இருபத்தெட்டு’ ஆடுவார்கள். நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு ஜோடி, ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நாலு ஜாதிக்கும் கூட்டினால் இருபத்தெட்டு. துருப்பு எதுவென்று கேட்டவனுக்கு மட்டும் தெரியும், சீட்டைக் கவிழ்த்து வைத்திருப்பான். அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரன் யார்? நல்ல சீட்டு வந்தவன் இல்லை. எதிரே இருப்பவன் இறக்கிய சீட்டிலிருந்து அவன் கையில் மிச்சம் என்ன என்று கணக்குப் போட்டு, தன் கையிலுள்ள நல்ல சீட்டை அவனுக்கு விட்டுக்கொடுக்கிறவன். பிடித்த சீட்டு ஜோடிக்குத்தான் எண்ணப்படும். ‘நான் தனியாக எத்தனை பிடித்தேன் தெரியுமா’ என்று ஒருவன் கேட்டால், ‘சும்மா கெட’ என்பார்கள்.

கடற்கரையில் கரமடி இழுப்பதும் அப்படித்தான். வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் ஒத்துப்போய் இழுக்கும். ஒரு பக்கம் முந்தினால் மீன் மறுபக்கம் போய்விடும். தனியாகப் பலம் காட்டுகிறவனால் அங்கே நஷ்டம்தான்.

பெரிய போட்டிகளில் நிலைமை கொஞ்சம் தேவலை. சமீப வருடங்களில் முதலிடத்துக்கு 10 புள்ளி, ஒரு பினிஷுக்கு 1 புள்ளி, எல்லாம் அணியின் கணக்கில். ஒவ்வொரு அணியிலும் வழிசொல்ல ஒருவன் இருப்பான். வட்டம் எந்தப் பக்கம் சுருங்கும், எந்த வீட்டைப் பிடிக்கலாம், எப்போது சண்டையைத் தவிர்க்கலாம் என்று சொல்வது அவன் வேலை. பெரும்பாலும் அவன் சுட்ட கணக்கு சுமாராகத்தான் இருக்கும். ஆனாலும் அவன் இல்லாமல் அணி இல்லை. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கென்று இதே ஆட்டத்துக்கு ஒரு தனி வடிவம் செய்தார்கள். அதில் ஆளை ஆள் சுடவே முடியாது. ஓடவும் வண்டி ஓட்டவும் வேண்டும், வைத்திருக்கிற இலக்கைச் சுட வேண்டும், அவ்வளவுதான். சீனா தங்கம் வாங்கியது. கொல்லாமலே ஆடலாம் என்று நிரூபணமாகிவிட்டது. சப்பென்று இருந்ததா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் இருந்தது.

சரி, திறமைக்கு அளவு எண் மட்டும்தான் என்றால் நெட்வொர்க்கை என்ன செய்வது? 2020 ஆகஸ்டில் ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணையம் அறுந்து, நேரம் தீர்ந்து தோற்றார்கள். இந்தியா முறையிட்டது. உலக செஸ் சம்மேளனம் இந்தியா, ரஷ்யா இரண்டுக்கும் தங்கம் கொடுத்தது. மழை பெய்தால் கரண்ட் போகிற ஊரில், அண்ணன் கழித்துப் போட்ட சூடாகும் போனில் ஆடுகிற பையனுக்கு முறையிட எந்தச் சம்மேளனம் இருக்கிறது? முப்பதாயிரம் ரூபாய் போன்காரனுக்கு எதிரி தெளிவாகத் தெரிவான். இவனுக்குச் செத்த பிறகுதான் தெரியும். எண் அதைச் சொல்லாது.

இன்னொன்றும் சொல்லாது. மைக்கில் பேசுகிற பேச்சு. தோற்றவுடன் கூட்டாளியின் வீட்டுப் பெண்களையெல்லாம் இழுக்கிறவன் எத்தனை பேரைச் சுட்டால் என்ன? பெண்பிள்ளைகள் பலர் மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். குரல் கேட்டால் போதும், வழிசலோ வசவோ ஆரம்பித்துவிடும். நாலு பேர் ஆட்டத்தில் ஒருத்தி ஊமையாக ஆட நேர்ந்தால் அந்த அணி பாதி தோற்ற மாதிரிதான். எதிரி எந்தப் பக்கம் என்று பார்த்ததைக்கூட அவளால் சொல்ல முடியாதே.

குளச்சல் பக்கம் ஒரு பையனைத் தெரியும். எண் படுமோசம். ஆனால் மூன்று கூட்டம் அவனை மாறி மாறிக் கூப்பிடுகிறது. ஏன்டே என்று கேட்டேன். ‘அவன் இருந்தா நாங்க சண்ட போட மாட்டோம் அண்ணாச்சி. விழுந்தா வந்து தூக்குவான். குண்டு இல்லன்னா கேக்காமலே தருவான்.’ ஒரே ஒரு குறை. நடுவில் அம்மா கூப்பிட்டால் போனை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவானாம். அதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்குமுன் கூட்டத்தில் ஒருவன் அந்த அம்மாவிடம் போய், ‘மாமி, அரை மணி நேரத்துக்கு இவனைக் கடைக்கு விடாதீங்க, என்ன வேணும்னு சொல்லுங்க, நான் வாங்கியாறேன்’ என்று கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறான்.