காளான் சீஸ் ரொட்டி

ஜொகூர் பாருவில் நல்ல ரொட்டிக்குப் பஞ்சமில்லை. தான் ஹியோக் நீ சாலையில், 1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ அடுமனையில் இன்றும் விறகடுப்புதான். ஜாலான் துருஸில் 1946இல் திறந்த ஹுவா முய் கோப்பிக்கடையில் வாட்டிய ரொட்டிக்குக் காயா என்னும் தேங்காய் ஜாமும் வெண்ணெயும் துணை. ஆக, இந்த ஊர் நாக்குக்கு வாட்டிய ரொட்டி என்றாலே இனிப்பு. அதற்குள் காளானையும் சீஸையும் வைப்பது கொஞ்சம் துணிச்சல்தான்.

வேலையெல்லாம் காளானில் இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது ரொட்டிக்குள் இறங்கினால் எல்லாம் சொதசொத. சிப்பிக் காளானைக் கிழித்து, எண்ணெய் விடாமல், சூடான சட்டியில் நெருக்கமின்றிப் பரப்புங்கள். காளானின் நீர் வெளியேறி, வற்றி, ஓரம் பழுப்பேறிய பிறகே வெண்ணெய், பூண்டு, மிளகு, உப்பு. அதிகம் வதங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். இறால் ஓட்டில் உள்ள கைட்டின் காளானிலும் உண்டு, எளிதில் குழையாது.

கடையில் விற்கும் துண்டு சீஸ் சீராக உருகும், ருசி குறைவு. செடாருக்கு ருசி உண்டு, சூடு மிஞ்சினால் எண்ணெய் கக்கும். இரண்டையும் கலப்பதே என் கட்சி. ரொட்டியின் வெளிப்புறம் வெண்ணெய், உள்ளே ஒரு கீற்று சம்பல், தோசைக்கல், சிறு தீ, மேலே ஒரு மூடி.

காலைக்குக் காயா ரொட்டியை இது வெல்லாது. இரவுப் பசிக்கு இதற்குத்தான் என் ஓட்டு.