விடை யாருக்குச் சொந்தம்?

ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) படத்தில், கனிமம் ஏற்றிச் செல்லும் விண்கலத்தின் ஊழியர்கள் அந்நியக் கலமொன்றுக்குள் இறங்குகிறார்கள். அங்கே, இருக்கையோடு ஒன்றாகிக் கல்லாய்ப்போன ராட்சத உடல். விலா எலும்புகள் உள்ளிருந்து வெளியே வளைந்திருக்கின்றன. யார் இது? படம் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் மற்றமையை மற்றமையாகவே விட்டுவைத்தது.

2012-இல் அதே ஸ்காட் 'ப்ரொமிதியஸ்' எடுத்து விடை சொன்னார்: நாம் உடல் என்று பார்த்தது கவசமாம், உள்ளே மனிதச் சாயலில் வெளுத்த ஆள், நம்மைப் படைத்த இனம். அட, இவ்வளவுதானா! அந்நியம் கடைசியில் நம்ம பாட்டனாகிப் போச்சு. தொடர்படச் சந்தையில் புதிர் என்பது அடுத்த சரக்குக்கான அச்சாரம்.

முதல் படத்தின் அரசியலை நான் வேறிடத்தில் வாசிக்கிறேன். ஊழியர்கள் செத்தாலும் சரி, உயிரியைக் கொண்டு வா என்று ஆணையிட்டது கம்பெனி. வந்தது எதுவென்று சொல்லாத அந்தப் பிரதி, சாகவிட்டது யாரென்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது.