டாஸோடு முடிந்துவிடவில்லை அந்த ஆட்டம்

காரைக்கால் பகுதியிலுள்ள போலகத்துக் கிரிக்கெட் ரசிகருக்கு ரஞ்சி சீசன் வந்தால் இரண்டு அணிகள். இங்கே நன்றாக ஆடும் பையன் மேலே போனால் புதுச்சேரிக்கு ஆடுவான். வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூரில் இருக்கும் அவன் சிநேகிதன் தமிழ்நாட்டுக்கு ஆடுவான். அதனால் 2024 ஜனவரி 5-ல் தொடங்கிய முதல் சுற்றை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெல்லியை அதன் சொந்த மண்ணிலேயே 148, 145 என்று சுருட்டி, 9 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது புதுச்சேரி. அதே நாட்களில் வல்சாடில் தமிழ்நாடு குஜராத்திடம் 111 ரன்னில் தோற்றது.

தோற்ற இரண்டு அணிகளுக்கும் இளம் கேப்டன்கள். டெல்லி உடனே யஷ் துல்லைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. ரன் வரவில்லை, பேட்டிங்கைக் கவனிக்கட்டும் என்றார்கள். 2022 பிப்ரவரியில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற கேப்டன் அவர். அதே மாதம் தன் முதல் ரஞ்சி ஆட்டத்தில், தமிழ்நாட்டுக்கு எதிராக, இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தவர். அவரை சீசனின் முதல் தோல்விக்கே இறக்கியது கண்டிப்பு ஆகாது, பதற்றம். அந்த சீசனில் டெல்லி காலிறுதியைப் பார்க்கவில்லை.

தமிழ்நாடு தன் கேப்டன் சாய் கிஷோர் மேல் கை வைக்கவில்லை. அந்தப் பொறுமைக்கு அவர் பந்தால் பதில் சொன்னார்: சீசன் முடிவில் 53 விக்கெட், நாட்டிலேயே முதலிடம். கோவை காலிறுதியில் நடப்புச் சாம்பியன் சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் தோல்விக்குத் தள்ளியபோது 9 விக்கெட்டோடு 60 ரன்னும் அவருடையது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அரையிறுதி.

மார்ச் 2, மும்பை பி.கே.சி. மைதானம், எதிரணி மும்பை. பசுமையான பிட்ச். டாஸ் ஜெயித்த சாய் கிஷோர் பேட்டிங் எடுத்தார். 42 ரன்னுக்குள் 5 விக்கெட் போனது. 146-ல் ஆல் அவுட். மூன்றே நாளில் இன்னிங்ஸ், 70 ரன் தோல்வி. முதல் நாள் காலை 9 மணிக்கே ஆட்டம் போய்விட்டது என்று பயிற்சியாளர் சுலக்‌ஷன் குல்கர்னி பத்திரிகையாளர்களிடம் சொன்னார். தன் யோசனை பந்துவீச்சு, கேப்டனின் உள்ளுணர்வு வேறு என்றார். தினேஷ் கார்த்திக் கொதித்துப்போனார்: அரையிறுதி வரை அழைத்து வந்த கேப்டனுக்குத் துணை நிற்காமல் கைவிடலாமா என்று பகிரங்கமாகவே கேட்டார்.

பிட்ச் விஷயத்தில் குல்கர்னியின் கணிப்பைக் குறை சொல்ல முடியாது. மும்பைக்கு விக்கெட் கீப்பராக ஆடியவர், 2012-13-ல் அந்த அணிக்கு ரஞ்சிக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர். டாஸ் முடிவுக்கு சாய் கிஷோர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைக் கேட்கும் இடம் டிரெஸ்ஸிங் ரூம். உள்ளே முகத்துக்கு நேராகக் கேட்டுத் தீர்த்துக்கொள்பவரால்தான் வெளியே வந்து 'எங்கள் கேப்டன்' என்று சொல்ல முடியும். இங்கே கேப்டனின் கணக்கு மைக் முன்னால் தீர்க்கப்பட்டது. தன் பங்கு என்ன என்று பயிற்சியாளர் அங்கே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கேட்ட கேள்வியும் பாதிதான். இரண்டாம் நாள் மும்பை 7 விக்கெட்டுக்கு 106. தமிழ்நாட்டின் ஸ்கோரை எட்டவே இன்னும் 40 ரன் வேண்டும், கைவசம் மூன்றே விக்கெட். காலை 9 மணிக்கே தோற்ற ஆட்டத்தில் இப்படி ஒரு கட்டம் எப்படி வரும்? அதன் பிறகுதான் ஷர்துல் தாக்கூர் 109 அடித்தார். தனுஷ் கோட்டியன் 89 ரன்னோடு அவுட் ஆகாமல் நின்றார். மும்பை 378-க்குப் போனது. சாய் கிஷோர் 6 விக்கெட் எடுத்தார். மறுமுனையில் யாரை வைத்து முடுக்கியிருக்கலாம், தாக்கூர் அடிக்கத் தொடங்கியதும் ஃபீல்டு எப்போது பரவியது, புதுப் பந்துக்குக் காத்திருந்ததில் எவ்வளவு ரன் போனது? ஒரு கேப்டனிடம் கேட்க வேண்டியவை இவை. பயிற்சியாளருக்கும் இதில் பங்கு உண்டு. இடைவேளைகளில் அவர் சொல்லி அனுப்பியது என்ன?

அடுத்த சீசனில் பயிற்சியாளர் இடத்துக்கு பாலாஜி வந்தார். கேப்டன் பொறுப்பு சாய் கிஷோரிடமே இருந்தது. அணி காலிறுதி வரை போய், நாக்பூரில் விதர்பாவிடம் 198 ரன்னில் தோற்றது. பி.கே.சி. என்றதும் டாஸைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 7 விக்கெட்டுக்கு 106 என்ற நிலையிலிருந்து 272 ரன் எப்படிப் போனது என்று கேட்பாரைத்தான் காணோம்.